'ஒன்றுமில்லை' என்ற பதிலோடு வீடு திரும்பும் பிள்ளைகள்

இரவு பதினொரு மணிக்குப் பதினேழு வயதுப் பிள்ளையை மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நெஞ்சு பிடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, கைவிரல்கள் மரத்துப்போய் வளைந்து நிற்கின்றன. "அம்மா, நான் செத்துடுவேன்" என்று பிள்ளை அலறுகிறது. இசிஜி எடுக்கிறார்கள். இரத்த அழுத்தம், இரத்தச் சோதனை என்று எல்லாம் பார்க்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து மருத்துவர் வந்து, "ஒன்றுமில்லை, இருதயம் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. அப்பா மறுநாள் காலை ஷிஃப்டை நினைத்துக்கொண்டே காரை எடுக்கிறார். பின் இருக்கையில் பிள்ளை மட்டும் யோசித்துக்கொண்டு வருகிறது: ஒன்றுமில்லை என்றால், எனக்கு நடந்தது என்ன?

எந்த வீட்டுக் கதையையும் நாம் இங்கே எடுத்து எழுதவில்லை. ஆனால் சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் என்று எங்கு நடந்தாலும் இது ஏறக்குறைய இதே வரிசையில்தான் நடக்கிறது. மருத்துவரின் பதிலில் பிழையில்லை. இருதயத்தைப் பற்றிய அறிக்கையாக அது முற்றிலும் சரி. பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலாகப் பார்த்தால் அது பாதிதான். மீதிப் பாதி இது: "உனக்கு வந்தது பேனிக் அட்டாக். அது நடிப்பும் இல்லை, பைத்தியமும் இல்லை. அதற்குப் பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது." நெரிசல் மிகுந்த அவசரப் பிரிவில் இந்த மூன்று வாக்கியங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் அவற்றை விரிவாகச் சொல்கிறோம்.

பேனிக் அட்டாக்கைத் தமிழில் பீதித் தாக்கம் எனலாம். உடம்புக்குள் ஓர் அபாயச் சங்கு இருக்கிறது. செம்பனைக் காட்டில் பாம்பைக் கண்டால் நாம் யோசிப்பதற்கு முன்பே அது ஊதிவிடும். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, வியர்க்கிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு தயாராகிறது. பாம்பு இருக்கும்போது இது உயிர் காக்கும் ஏற்பாடு. பீதித் தாக்கத்தில் பாம்பே இல்லாமல் சங்கு ஊதுகிறது. பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது ஊதலாம், பள்ளிச் சபைக்கூடலில் ஊதலாம், நல்ல தூக்கத்திலிருந்து எழுப்பியும் ஊதலாம்.

மூச்சின் கதை இன்னும் வியப்பானது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது உயிர்வளி குறைவதில்லை. கரிவளிதான் அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அதனால் இரத்தத்தின் காரத்தன்மை சற்றுக் கூடுகிறது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை சுற்றுகிறது. உதட்டோரமும் விரல் நுனியும் மரத்துப்போய், விரல்கள் இழுத்துக்கொள்கின்றன. ஆனால் உள்ளிருந்து பார்க்கும் பிள்ளைக்குக் காற்றே போதவில்லை என்றுதான் தோன்றும். இன்னும் வேகமாக இழுக்கும். அறிகுறி இன்னும் கூடும். 'மயங்கி விழுந்துவிடுவேன்' என்ற பயம் பலருக்கு வரும். பீதியில் இரத்த அழுத்தம் பெரும்பாலும் ஏறுகிறது. மயக்கமோ அது சட்டென்று இறங்கும்போது வருவது. அதனால் பீதித் தாக்கத்தில் உண்மையாகவே மயங்கி விழுவது அபூர்வம்.

1986-ஆம் ஆண்டில் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இதை ஒரு சுழலாக விளக்கினார். படி ஏறியதால் இதயம் சற்று வேகமாக அடிக்கிறது. "இது மாரடைப்போ?" என்று மனம் பொருள் கொள்கிறது. அந்தப் பொருளே பயத்தைக் கிளப்புகிறது, பயம் இதயத்தை இன்னும் வேகமாக ஓட்டுகிறது, "பார்த்தாயா, மாரடைப்பேதான்" என்று மனம் உறுதி செய்துகொள்கிறது. சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்குகிறது. உடம்பால் அந்த உச்சத்தில் நெடுநேரம் நிற்க முடியாது. இந்த ஒரு செய்தியை அறிந்து வைத்திருந்தாலே அடுத்த தாக்கத்தின் பாதிப் பலம் போய்விடும் என்பது நம் எண்ணம்.

மனம் பலவீனமானவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லலாம். கெவின் லவ், அமெரிக்க என்பிஏ கூடைப்பந்து வீரர். 2017 நவம்பர் 5-ஆம் தேதி அட்லாண்டா அணிக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே அவருக்குப் பீதித் தாக்கம் வந்தது. ஆறடிக்கு மேல் உயரம், ஒலிம்பிக் தங்கம் வென்றவர், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஆட்டத்தை விட்டு உள்ளே ஓடினார். மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். உடம்பில் குறை எதுவும் தெரியவில்லை. அவரும் நம் பிள்ளையைப் போலவே 'அப்படியானால் என்ன நடந்தது?' என்ற கேள்வியோடுதான் வெளியே வந்தார். பிறகு மனநல ஆலோசகரைப் பார்க்கத் தொடங்கி, 2018 மார்ச்சில் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார்.

ஒரு முறை பீதித் தாக்கம் வந்ததனாலேயே நோய் என்று ஆகிவிடாது. பல நாடுகளில் நடத்தப்பட்டு 2016-இல் வெளிவந்த ஆய்வின்படி, வாழ்நாளில் ஒரு தடவையேனும் பீதித் தாக்கம் கண்டவர்கள் நூற்றுக்கு 13 பேர். அதுவே பீதிக் கோளாறாக, அதாவது பேனிக் டிஸ்ஆர்டராக, முற்றியது நூற்றுக்கு 2 பேருக்கும் குறைவு. வேறுபாடு எங்கே? தாக்கம் காரணமின்றித் திரும்பத் திரும்ப வர வேண்டும். அதோடு, 'அடுத்தது எப்போது வருமோ' என்ற கவலையோ, அதற்குப் பயந்து நடவடிக்கைகளை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். அப்போதுதான் மருத்துவர் அதைக் கோளாறு என்பார்.

இந்த இரண்டாவது பகுதியைத்தான் நாம் கவலையோடு பார்க்கிறோம். தாக்கம் பத்து, இருபது நிமிடத்தில் போய்விடும், உயிரைக் கொல்லாது. அதன் பிறகு பிள்ளையின் உலகம் சுருங்குவதுதான் கொடுமை. முதலில் பள்ளிப் பேருந்து நின்றுபோகும், "அப்பா மோட்டாரில் கொண்டுபோய் விடட்டும்." பிறகு சபைக்கூடல், பிறகு புறப்பாட நடவடிக்கை. வாரச் சந்தைக்கும் கோவில் திருவிழாவுக்கும் கூட்டத்தைச் சொல்லி வராமல் இருந்துவிடும். எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் சோதனைத் தேர்வுக்கே விடுப்பு. மெட்ரிகுலேஷன் இடம் கிடைத்தும், விடுதியில் தனியாக இருக்க முடியாது என்று மறுத்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "சோம்பேறி", "செல்லம் கொடுத்துக் கெட்டது" என்பார்கள். தோட்டப்புறத்திலிருந்து படித்து மேலேறும் ஏணி ஏற்கெனவே ஒடுக்கமானது. அதில் ஒரு படி இப்படிச் சத்தமில்லாமல் ஒடிகிறது.

வீட்டில் என்ன நடக்கிறது? "பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கு", "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று பாட்டி சொல்வார். திருநீறு போடுவார்கள், தோட்டத்து முனீஸ்வரர் கோவிலில் கயிறு கட்டுவார்கள். நாம் இதைக் கேலி செய்யப்போவதில்லை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொடுப்பதில் உண்மையான ஆறுதல் இருக்கிறது. கோவிலுக்குப் போகட்டும், அதோடு கிளினிக்குக்கும் போகட்டும். மூன்று மாதம் கயிறு மாற்றிக்கொண்டே இருந்து, அதற்குள் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுபோவதுதான் பிரச்சினை.

கிளினிக் என்றதும் இன்னொரு தடை முளைக்கும். நம் நாட்டில் மனநோய் என்றாலே ஓர் ஊர்ப் பெயர்தான் நினைவுக்கு வரும். 1911-இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை இருப்பதால், தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரே நம் பேச்சில் வசையாகிவிட்டது. "உன்னை தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகியவர்கள், தமக்கே ஒன்று வந்தால் வாயைத் திறப்பார்களா? பீதிக் கோளாறுக்கு வழக்கமாக யாரையும் எங்கும் அடைத்து வைக்க வேண்டியதில்லை. வெளிநோயாளியாக வந்து பார்த்து, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். அவர்கள் அழுவதில்லை, சொல்வதும் இல்லை. சிலர் மதுவில் கைவைக்கிறார்கள், ஏனென்றால் குடித்ததும் படபடப்பு அடங்குவது உண்மை. ஆனால் போதை இறங்கும்போது பதற்றம் முன்பைவிடக் கூடுதலாகத் திரும்பி வரும், அடுத்த தாக்கத்தையும் அழைத்து வரும். 1946, 1947-இல் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது கெடா தமிழர்களின் வரலாறு. தோட்டத்துத் தொழிலாளி எதை மறக்கக் குடித்தான் என்ற கேள்வி இன்றும் பழையதாகிவிடவில்லை.

சரி, எங்கே போவது? முதல் முறை நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் 'இது பீதிதான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஆஸ்துமா, இரத்தச்சோகை, தைராய்டுக் கோளாறு, இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை ஆகியவையும் இதே முகத்தோடு வரும். விளையாடும்போது வலி வந்தாலோ, உண்மையாகவே மயங்கி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 999-ஐ அழையுங்கள். உடம்பில் குறையில்லை என்று தெரிந்த பிறகு, வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு, அதாவது கிளினிக் கெசிஹாத்தானுக்கு, போகலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கே "நெஞ்சு வலி" என்று மட்டும் சொன்னால் மறுபடியும் இசிஜிதான் எடுப்பார்கள். "செராங்கான் பானிக் மாதிரி வருகிறது, இத்தனை முறை வந்தது, அதனால் பள்ளிக்குப் போக முடியவில்லை" என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவ அதிகாரியே சிகிச்சையைத் தொடங்கலாம். தேவைப்பட்டால் சூராட் ருஜுக்கான் எழுதி, சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கோ அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ அனுப்புவார். அந்தக் கடிதத்தை வாங்காமல் வராதீர்கள். தனியார் கிளினிக் கடிதத்தோடு போனால் அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் கூடும்.

போவதற்கு முன் ஒரு தாளில் நான்கு விவரம் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் தேதிகளில் வந்தது, எங்கே இருந்தீர்கள், எத்தனை நிமிடம் நீடித்தது, அதற்குப் பிறகு எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள். மருத்துவர் எதிரில் உட்கார்ந்ததும் வார்த்தை வராது, தாள் பேசும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்பார்கள். அம்மாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் பள்ளிக் கவுன்சலிங் ஆசிரியரிடம் முதலில் சொல்லி, அவரை விட்டு வீட்டில் பேசச் சொல்லலாம். பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் வளாகத்திலேயே மாணவர் ஆலோசனைப் பிரிவைத் தேடிப் பார்க்கலாம். வெளியே கட்டணம் கொடுத்து ஆலோசகரைப் பார்ப்பவர்கள், அவர் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். 'மனநல வல்லுநர்' என்று பலகை மாட்டியவர்கள் எல்லாரும் அப்படியில்லை.

தொலைபேசியில் பேசினால் போதும் என்று தோன்றினால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, காலை 8 முதல் நள்ளிரவு வரை. பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929, இரவு பகல் எந்நேரமும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கொஞ்சம் எட்டிப்பார்த்தாலும் காலை வரை காத்திருக்காமல் இந்த எண்ணை அழையுங்கள்.

சிகிச்சை என்றால் என்ன செய்வார்கள் என்று தெரியாததாலேயே பலர் போவதில்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, ஆங்கிலச் சுருக்கத்தில் சிபிடி, பீதிக் கோளாறுக்கு நன்றாக வேலை செய்யும் முறை. சில மாதங்களுக்குப் பன்னிரண்டு முறை அளவில் சந்திப்பு இருக்கும். அதில் ஒரு பகுதி விநோதமாகத் தோன்றும்: பயந்த அறிகுறியை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். நின்ற இடத்தில் ஓடச் சொல்வார்கள், நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள், உறிஞ்சுகுழல் வழியாக மூச்சு வாங்கச் சொல்வார்கள். இதயம் வேகமாக அடிக்கும், தலை சுற்றும், பிறகு அதுவாகவே அடங்கும். இரண்டு, மூன்று வாரத்தில் அந்த உணர்வு ஆபத்தானது அல்ல என்று உடம்பு தானே கற்றுக்கொள்கிறது.

தவிர்த்த இடங்களுக்கும் அப்படியே படிப்படியாகத் திரும்ப வேண்டும். பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குப் பேருந்தில் போகப் பயப்படுகிற ஒருவர், முதல் வாரம் நிறுத்தத்தில் போய் நின்றுவிட்டு வரலாம். அடுத்த வாரம் தம்பியோடு ஒரு நிறுத்தம் மட்டும். அதற்கடுத்து இரண்டு நிறுத்தம், பிறகு தனியாக. நடுவே பதற்றம் வந்தால் இறங்கி ஓடாமல், அது ஏறி இறங்கும்வரை உட்கார்ந்திருப்பதுதான் பாடம். இறங்கி ஓடினால், 'ஓடியதால்தான் பிழைத்தேன்' என்று மூளை தப்பாகக் குறித்துக்கொள்ளும்.

சிலருக்கு மருந்தும் தருவார்கள். செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை அதிகம் தரப்படுபவை. இவை போதை மருந்துகள் அல்ல. ஆனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். அதைப் பார்த்து மிரண்டு பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம். நிறுத்துவதானாலும் மருத்துவரிடம் கேட்டு மெல்லக் குறைக்க வேண்டும். உடனே அடக்கும் தூக்க மாத்திரை வகை வேறு. அதற்கு அடிமையாகும் அபாயம் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையைக் கடன் வாங்கி விழுங்குவது கூடவே கூடாது. தேர்வு நேரத்து இரவு காப்பியும் டின்னில் வரும் சக்தி பானங்களும் படபடப்பைக் கிளப்புபவை. அவற்றைக் குறைப்பது இன்றே செய்யக்கூடியது.

உங்கள் தோழனுக்கோ தோழிக்கோ வகுப்பில் இது வந்தால், சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். கைப்பேசியில் படம் பிடிப்பவனை விலக்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது வந்துவிட்டுப் போகும், நான் இங்கேயே இருக்கேன்" என்று தணிந்த குரலில் சொல்லுங்கள். மூக்கால் மெல்ல இழுத்து, வாயால் அதைவிட மெதுவாக விடச் சொல்லி, நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். பழைய படங்களில் காட்டுவது போலக் காகிதப் பையை முகத்தில் வைக்க வேண்டாம்; உண்மையில் ஆஸ்துமாவாக இருந்தால் அது ஆபத்து. "ஒன்றுமில்லை, சும்மா இரு" என்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பள்ளி நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சுகாதார அமைச்சின் 2017-ஆம் ஆண்டு ஆய்வு, இடைநிலைப்பள்ளி மாணவர்களில் ஐந்தில் இருவரிடம் பதற்ற அறிகுறிகள் இருந்ததைக் காட்டியது. அறிகுறி உள்ளோர் அனைவரும் நோயாளிகள் அல்லர் என்பது உண்மைதான், ஆனால் தேடிப் பார்க்க வேண்டிய கூட்டம் சிறியதல்ல என்பதற்கு அது போதும். கவுன்சலிங் ஆசிரியரைக் கோப்பு வேலைக்கும் ஆள் இல்லாத வகுப்புக்கும் அனுப்பினால், அவர் அறைக் கதவைத் தட்டத் துணிந்த பிள்ளை பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். இரண்டாவது முறை அது வராது. அவர் அறையில் இருக்கும் நேரத்தை எழுதிக் கதவில் ஒட்டுங்கள், அந்த நேரத்தில் அவர் அங்கே இருக்கட்டும். அடிக்கடி நெஞ்சுவலி என்று விடுப்புக் கடிதம் தரும் மாணவனை ஒழுங்கு ஆசிரியரிடம் அனுப்பும் முன் அந்த அறைக்கு அனுப்புங்கள். கூலிம் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெற்றோரால் கிளினிக் நேரத்தில் விடுப்பு எடுப்பது எளிதல்ல. ஒரு நாள் சம்பளம் போகும். ஆகவே அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தை விடுமுறை நாளில் வைக்கப் பார்க்கலாம். மண்டபக் கூரைக்கான நிதி கணக்கை வாசித்து முடித்ததும் அரை மணி நேரம் ஒதுக்கி, வட்டாரக் கிளினிக்கிலிருந்து ஒரு மருத்துவ அதிகாரியை அழைத்து, இதைப் பற்றித் தமிழிலும் மலாயிலும் பேசச் சொல்லலாம்.